பருத்த உடலும் மீண்ட தன்மதிப்பும்: 'தம் லகா கே ஹைஷா' பற்றிய ஒரு நோக்கு

பிரிவுத் துயரைப் பாடுவதில் தமிழ்க் கவிதை மரபு தனிச்சிறப்புடையது. அம்மரபில் தலைவியின் துயருக்கு அவளது உடலே சாட்சி. தோள் மெலிகின்றது, வளை நெகிழ்ந்து கழல்கின்றது, மேனியிற் பசலை படர்கின்றது. தலைவி வாய்திறந்து சொல்லாததை அவளது மெலிவு ஊருக்குச் சொல்லிவிடுகின்றது. இவ்வழக்கின் நயத்தை வியந்து பேசாத உரையாசிரியர் இல்லை. எனினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மெலிவே துயரின் அடையாளமாயின், மெலியாத பெண்ணின் துயரை எதைக்கொண்டு அறிவது? இயல்பிலேயே பருத்த உடலுடைய ஒருத்தி கைவிடப்படும்போது அவளது வளை கழன்று விழப்போவதில்லை. அவளுடைய வேதனையைக் காட்டுவதற்கு மரபு எந்த அடையாளத்தையும் விட்டுவைக்கவில்லை.

கவிதை விட்ட இந்த இடைவெளியைத் திரைப்படம் நகைப்பினால் நிரப்பிற்று. ஹிந்தித் திரையுலகில் துன் துன் என்ற பெயரால் அறியப்பட்ட உமாதேவி கத்ரியின் வாழ்க்கை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1947 இல் வெளிவந்த 'தர்த்' என்னும் படத்திற் பின்னணி பாடிப் புகழ்பெற்றவர் அவர். 1950 இல் 'பாபுல்' மூலம் திரையில் தோன்றியதன் பின்னரோ, அவர் சிரிப்புக்குரியவராகவே ஆக்கப்பட்டார். துன் துன் என்ற பெயரே வட இந்தியாவிற் பருத்த பெண்களைக் கேலிசெய்யும் பொதுச்சொல்லாகப் பரவிற்று. குரலை மட்டும் கேட்டவரை காதலின் ஏக்கம் அவருக்கு உரியதாயிருந்தது. உடலைக் கண்டதும் அது பறிக்கப்பட்டுவிட்டது. தமிழ்த் திரையும் இவ்விடயத்தில் வேறுபட்டதன்று. அசட்டுக் கணவனை அதட்டும் மனைவியாகவோ, கதாநாயகியின் அழகை எடுத்துக்காட்ட அருகில் நிறுத்தப்படும் தோழியாகவோ அன்றிப் பருத்த பெண்ணுக்கு அங்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் நோக்கும்போதுதான் 2015 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த 'தம் லகா கே ஹைஷா' என்ற ஹிந்தித் திரைப்படத்தின் முக்கியத்துவம் புலப்படும். சரத் கடாரியா எழுதி நெறியாண்ட இப்படம் அவ்வாண்டின் சிறந்த ஹிந்திப் படத்திற்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. சந்தியா என்னும் பாத்திரத்தில் நடித்த பூமி பெட்னேகருக்கு இதுவே முதற்படம். அதற்குமுன் அவர் அதே தயாரிப்பு நிறுவனத்தில் நடிகர் தெரிவுப் பிரிவிற் பணியாற்றியவர். பிரேம் என்னும் கணவனாக ஆயுஷ்மான் குரானா நடித்தார்.

கதை 1995 இல், கங்கைக்கரை நகரான ஹரித்துவாரில் நிகழ்கின்றது. பிரேம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தந்தையின் பாட்டுக் கசெற்றுக் கடையை நடத்துபவன். சந்தியா படித்தவள், ஆசிரியப் பயிற்சிப் பட்டமாகிய பி.எட். பெற்றவள், பருத்தவள். பெற்றோரின் நெருக்குதலால் அவன் அவளை மணந்துகொள்கின்றான். இத்திருமணத்தின் பின்னால் உள்ள கணக்கு எளிமையானது. நலிந்துவரும் சிறுவணிகக் குடும்பத்திற்கு நாளை ஆசிரியையாகிச் சம்பளம் கொண்டுவரக்கூடிய மருமகள் வேண்டும். பருமனான மகளை வைத்திருக்கும் குடும்பத்திற்கு 'வேண்டாம்' என்று சொல்லத் துணியாத மாப்பிள்ளை வேண்டும். திருமணச் சந்தையில் அவளது பட்டம் அவளது உடலுக்காகக் கொடுக்கப்படும் ஈடாகின்றது. சீதனப் பேச்சில் வயதுக்கும் நிறத்துக்கும் எடைக்கும் விலை கூட்டிக் குறைக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த எந்தச் சமூகத்துக்கும் இக்கணக்கை விளக்கவேண்டியதில்லை.

நெறியாளர் இக்கணக்கைப் பிரசங்கமாக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. மாறாக, பிரேமின் வெட்கத்தை அவர் நுணுக்கமாகப் படைத்துள்ளார். பிரேம் கொடியவனல்லன். அவனும் தோற்றுப்போனவன், ஆங்கிலப் பாடத்திற் சித்தியடையாதவன், விற்பனை குறைந்துவரும் பொருளை விற்பவன். இறுவட்டு வந்துவிட்டது, கசெற்றின் காலம் முடிந்துகொண்டிருக்கின்றது. தன் தோல்விகள் அனைத்தையும் ஒருங்குசேர்த்து ஊரார் பார்க்கும்படி தன்னருகில் நிறுத்தியதைப் போன்றே அவன் மனைவியைக் காண்கின்றான். அவனுக்கு அழகைக் கற்பித்தவை அவன் விற்கும் பாடல்களே. குமார் சானுவின் குரலில் மயங்கிக் கிடப்பவன் அவன். அப்பாடல்களிற் காற்றிற் பறக்கும் சேலையுடன் ஓடிவரும் உருவங்களுள் சந்தியாவைப் போன்ற எவரும் இல்லை. அதிகாலையிற் காக்கிக் காற்சட்டையுடன் சென்று அவன் பயிலும் இயக்கத்தின் ஷாகாவோ புலனடக்கத்தைப் போதிக்கின்றது. ஒன்று எட்டாத பெண்ணைக் காட்டுகின்றது. மற்றது பெண்ணே வேண்டாமென்கின்றது. இரண்டுக்கும் நடுவில், வீட்டில் உள்ள பெண்ணோடு எவ்வாறு பேசுவதென்று அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

சந்தியாவின் பாத்திர வார்ப்பிலேதான் படத்தின் உண்மையான புதுமை உள்ளது. அவள் தன் உடலைப் பற்றி வருந்துபவளாகப் படைக்கப்படவில்லை. எடையைக் குறைக்கும் முயற்சி எதுவும் அவளுக்கு விதிக்கப்படவில்லை. கணவன் விலகி நிற்பதை அவள் தன் குறையாக அன்றி, தீர்க்கவேண்டிய ஒரு பிரச்சினையாகக் கருதுகின்றாள். அதைத் தீர்க்கத் தானே முன்வந்து முயல்கின்றாள். இருவரும் ஒரு சொல்லும் பேசாது, மாறி மாறிப் பாடல்களை ஒலிக்கவிட்டுச் சண்டையிடும் காட்சி குறிப்பிடத்தக்கது. அவன் ஒரு பாட்டைப் போட்டால் அதற்கு மறுமொழியாக அவள் வேறொன்றைப் போடுகின்றாள். வெறும் வேடிக்கை போலத் தோன்றும் இக்காட்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அவளும் அதே பாடல்களைக் கேட்டு வளர்ந்தவள்; அவை தனக்கும் உரியவை என்று உரிமையோடு எடுத்துக்கொண்டவள்.

இத்தகையவளின் நம்பிக்கை நொறுங்கும் இடம் நண்பனொருவனின் திருமண இரவில் வருகின்றது. மதுபோதையிற் பிரேம் நண்பர்கள் நடுவே மனைவியின் உடலையும் அவளோடு கழிக்கும் இரவையும் இழிவுபடுத்திப் பேசுகின்றான். அவள் கேட்டுவிடுகின்றாள். எல்லோர் முன்னிலையிலும் அவனை அறைகின்றாள். அவனும் திருப்பி அறைகின்றான். மறுநாள் அவள் அவ்வீட்டை விட்டுப் புறப்பட்டு, மணமுறிவு கோரி வழக்கிடுகின்றாள்.

இப்பகுதியைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அவளை வெளியேறச் செய்தது தனியறையில் அனுபவித்த புறக்கணிப்பு அன்று. அதை அவள் பொறுத்திருந்தாள். தன் உடல் ஆண்கள் கூட்டத்தின் சிரிப்புக்குப் பொருளாக்கப்பட்டதே அவளை எழுப்புகின்றது. துன் துன் காலம் முதற் கொட்டகையில் எழுந்துவந்த அதே சிரிப்பு இங்கே திரைக்குள் எழுகின்றது. அதற்கு அறை விழுகின்றது. பார்வையாளருட் பலர் படத்தின் முற்பகுதியிற் சந்தியாவைக் கண்டு சிரித்திருக்கக்கூடும். நெறியாளர் அதற்கு இடங்கொடுத்தே வைத்திருந்தார். அந்த அறை அவர்கள்மீதும் விழுவதாகக் கொள்வது மிகையாகாது. ஆனால் பிரேமின் மறு அறையைப் படம் கையாளும் விதம் திருப்தியளிப்பதன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டன என்பதுபோலக் கதை நகர்ந்துவிடுகின்றது. அவமதிக்கப்பட்டவளின் கையும் அவமதித்தவனின் கையும் ஒரே நிறையுடையனவல்ல.

அவள் வெளியேறத் துணிந்ததற்குக் காரணம் அவளது குணம் மாத்திரமே என்று கூறின் அது பாதி உண்மையே. அதே வீட்டில் வேறொரு பெண்ணும் இருக்கின்றாள். பிரேமின் அத்தையாகிய அவள் கணவனாற் கைவிடப்பட்டுச் சகோதரன் வீட்டில் ஒதுங்கி வாழ்பவள், நாவிலே நஞ்சுடையவள். ஷீபா சட்டா இப்பாத்திரத்தை மிகைப்படுத்தாது நடித்துள்ளார். அவ்வீட்டிற் சந்தியாவின் எதிர்காலம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அந்த அத்தையின் முகத்திற் காணலாம். அவள் பருத்தவளல்லள், ஆயினும் கைவிடப்பட்டாள். மீள்வதற்கு அவளுக்கு வழியில்லை. சந்தியாவுக்கு வழி இருந்தது. அதன் பெயர் பி.எட். திருமணச் சந்தையில் உடலுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட அதே பட்டம், இப்போது சந்தையை விட்டு வெளியேறுவதற்குரிய கடவுச்சீட்டாகின்றது. தன்னம்பிக்கை என்பது கண்ணாடிமுன் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தைகளிற் பிறப்பதென்று எண்ணுவோர் இவ்விரு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

நீதிமன்றமோ இருவரையும் ஆறுமாதம் சேர்ந்து வாழுமாறு பணிக்கின்றது. இது நாடகத் தேவைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில் 1976 இற் சேர்க்கப்பட்ட பிரிவு, இருவரும் இணங்கிக் கோரும் மணமுறிவுக்கு ஆறுமாத இடைவெளியை விதித்தது உண்மையே. ஆனால் அப்பிரிவு தம்பதியர் ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருத்தலை முன்நிபந்தனையாகக் கொண்டது. சேர்ந்து வாழுமாறு கட்டாயப்படுத்துவதன்று. அந்த ஆறுமாதத்தையும் தக்க சந்தர்ப்பங்களில் நீக்கலாமென 2017 இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடவும் கதையே அவளைத் திருப்பியனுப்ப அவசரப்படுகின்றது. வெளியேறிய பெண்ணை என்ன செய்வதென்று கதைக்குத் தெரியவில்லை போலும்.

இந்தத் திகைப்பு கடாரியாவுக்கு மட்டும் உரியதன்று. 'ஒரு பெண்பிசாசின் வாழ்வும் காதல்களும்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நாவலாசிரியை பே வெல்டன் 1983 இல் வெளியிட்ட நாவல் இதே சிக்கலுக்கு முற்றிலும் வேறான விடை கண்டது. அதன் நாயகி ரூத் ஆறடி இரண்டங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் உடையவள். முகத்தில் மயிர் முளைத்த மறுக்களும் உண்டு. கணக்காளனான அவளது கணவன் பொப்போ, கடலோரக் கோபுரமொன்றில் வாழும் மேரி பிஷர் என்ற அழகிய காதற்கதை எழுத்தாளரை நாடிச் செல்கின்றான். போகும்போது மனைவியைப் பெண்பிசாசு என்று ஏசுகின்றான். ரூத் அப்பெயரைப் பட்டமாக ஏற்றுக்கொள்கின்றாள். வீட்டைக் கொளுத்துகின்றாள், பிள்ளைகளைக் கோபுரத்திற் கொண்டுபோய் விடுகின்றாள், வேறு வேறு பெயர்களில் வேலைசெய்து பணம் சேர்க்கின்றாள், கணவனின் கணக்குகளைப் புரட்டி அவனைச் சிறைக்கு அனுப்புகின்றாள்.

இதுவரை அவளது வெற்றியை வாசகர் இரகசிய மகிழ்ச்சியோடு பின்தொடர்வர். குறிப்பாக, வேலை தேடும் பெண்களுக்காக அவள் ஒரு முகவர் நிலையம் அமைத்து, எவராலும் கவனிக்கப்படாத இல்லத்தரசிகளை அலுவலகங்களுக்கு அனுப்பும் பகுதி அங்கதமும் அனுதாபமும் கலந்து எழுதப்பட்டது. அங்கே ரூத் நின்றிருக்கலாம். வெல்டன் அவளை நிற்க விடவில்லை. தேடிய செல்வம் அனைத்தையும் கொண்டு அவள் சத்திரசிகிச்சை மேசையிற் படுக்கின்றாள். கால் எலும்புகளை வெட்டிக் குறுக்கிக்கூடத் தன் உடலை மேரி பிஷரின் உருவமாக மாற்றிக்கொள்கின்றாள். இறுதியிற் கோபுரமும் அவளுடையது, நொந்துபோன கணவனும் அவளுடையவன். ஒரு நாவலும் எழுதுகின்றாள்; பதிப்பாளர் விரும்பிக் கேட்டும் வெளியிட மறுக்கின்றாள். தன்னால் முடியும் என்று அறிவதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ரூத்தின் இம்முடிவு வெற்றியா, தோல்வியா? வென்றவள் ரூத் என்றால், வென்ற பின் எஞ்சியிருக்கும் உருவம் மேரி பிஷருடையது. கைவிடப்பட்ட உடலை அவளும் கைவிட்டுவிடுகின்றாள். வெல்டனின் நாவல் கொடூரமானது என்பதில் ஐயமில்லை; ஆனால் அக்கொடூரம் நேர்மையானது. உலகத்தின் அளவுகோலை ஏற்றுக்கொண்டு அதன்படி வெல்ல முயலும் பெண் எவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருக்கும் என்பதை எலும்பு வரை சென்று அது காட்டுகின்றது. 1989 இல் ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட படம் இச்சத்திரசிகிச்சைப் பகுதியை முற்றாக நீக்கிவிட்டு, ரோசான் பாரின் ரூத்தை மகிழ்ச்சியோடு வீதியில் நடக்கவிட்டது. பார்ப்பதற்கு அது ஆறுதலாக இருக்கும். நாவலின் முதுகெலும்போ அங்கே இல்லை.

ஹிந்திப் படம் வெளிவந்த அதே 2015 இன் இறுதியிற் பிரகாஷ் கோவேலமுடி தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே எடுத்த 'இஞ்சி இடுப்பழகி' மூன்றாவதொரு வழியைத் தெரிந்துகொண்டது. அனுஷ்கா அப்படத்துக்காகவே தன் எடையைக் கூட்டி நடித்தார். அது சாதாரண துணிவன்று. 1992 இன் 'தேவர் மகன்' பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட அத்தலைப்பே, சிற்றிடையைப் பாடிய மரபைச் சற்றுக் குறும்பாகத் திருப்பிப் பார்க்கின்றது. ஆயினும் படம் அக்குறும்பைப் பின்தொடரவில்லை. விரும்பப்படாத பெண்ணின் நோவு தொடங்கிய சற்று நேரத்திலேயே, மெலிவிக்கும் நிலையமொன்றின் மோசடிக்கு எதிரான போராட்டமாகக் கதை மாறிவிடுகின்றது. வில்லன் ஒருவன் கிடைத்ததும் நாயகியின் உட்போராட்டம் மறக்கப்படுகின்றது. மோசடி நிலையங்களை மூடிவிட்டாலும் பெண்பார்க்க வருவோரின் கண்கள் மூடிக்கொள்ளப்போவதில்லையே.

இவ்விரண்டுக்கும் நடுவே, கடாரியா தன் நாயகிக்கு ஒரு பந்தயத்தை அமைத்துக் கொடுக்கின்றார். கணவர்கள் மனைவியரைச் சுமந்துகொண்டு ஓடும் போட்டி அது. படத்தின் தலைப்பே பாரம் இழுப்போர் ஒன்றுகூடி எழுப்பும் குரலாகும்; தமிழ்க் கடலோரத்தில் வலையிழுப்போர் 'ஐலசா' என்று கூவுவதற்கு நிகரானது. மனைவியைச் சுமந்தோடும் போட்டி கற்பனையன்று. பின்லாந்தின் சொங்காயார்வி என்னும் ஊரில் 1992 முதல் இது நடைபெற்று வருகின்றது. சுமக்கப்படும் பெண் 49 கிலோவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். வெல்பவருக்குப் பரிசு அப்பெண்ணின் எடைக்கு எடை பியர். அங்கே பெண் கனக்கக் கனக்கப் பரிசும் கனக்கும் என்பது சுவையான செய்தி. ஹரித்துவாரிலோ அவளது கனம் அவன் ஏற்றுக்கொள்ளவேண்டிய சோதனையாக மட்டுமே உள்ளது.

ஊர் முழுவதும் பார்த்திருக்க, எந்த உடலோடு காணப்படுவதற்கு அவன் கூசினானோ அவ்வுடலைத் தோளிற் சுமந்து அவன் ஓடுகின்றான். அவமானம் நேர்ந்ததும் பலர் முன்னிலையிலே. பரிகாரமும் பலர் முன்னிலையிலேயே. நாடக அமைப்பு என்ற வகையில் இது கச்சிதமானது. கொட்டகையிற் கைதட்டலை எழுப்பவல்லது. சுமக்கப்படுகையிற் சந்தியாவின் முகத்திற் தோன்றும் அச்சமும் வியப்பும் மெல்ல அரும்பும் மகிழ்ச்சியும் பூமி பெட்னேகரின் நடிப்பின் சிகரம் எனலாம். எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இங்கே மீட்கப்படுவது எவருடைய தன்னம்பிக்கை? ஓடுபவன் பிரேம். மூச்சுத் திணறுபவன் அவன். வெல்பவனும் அவன். அவள் செய்யவேண்டியதெல்லாம் விழாதிருத்தல். தானாக நடந்து வெளியேறியவளைப் பாரமாக்கித் தூக்கிவருவதன் மூலமே கதை அவளை வீட்டுக்குக் கொண்டுவர முடிகின்றது. அவளது தன்மதிப்பு உச்சத்தில் இருந்தது பந்தயத்தில் அன்று. அறைந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட காலையிலேதான். அப்போது அவளை எவரும் விரும்பவில்லை. விரும்பப்படாமலே அவள் நிமிர்ந்து நின்றாள். இந்திய வெகுசனத் திரைப்படத்திற் பருத்த பெண்ணொருத்திக்கு அத்தகைய காட்சி அரிதாகவே வாய்த்திருக்கின்றது.

முடிவுக் கோட்டைத் தாண்டிய பின்னும் பிரேம் அவளை இறக்கிவிடவில்லை. வீடு வரை சுமந்தே செல்கின்றான். அதன்பின் குமார் சானுவும் சாதனா சர்கமும் பாடிய 'தர்த் கராரா' என்ற பாடலோடு படம் நிறைவுறுகின்றது. தொண்ணூறுகளின் காதற் பாடல்களைப் போலவே அது படமாக்கப்பட்டுள்ளது. மினுங்கும் உடைகளில் இருவரும் ஆடுகின்றனர். பருத்த உடலுக்கு இடமில்லாதிருந்த அந்தப் பாட்டுலகிற் சந்தியா நுழைந்துவிட்டாள்; அவளது ஆட்டத்திற் கூச்சம் சிறிதுமில்லை. அக்காட்சி தரும் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அவள் ஆசிரியை என்பதற்கான அடையாளம் எதுவும் அப்பாட்டில் இல்லை.